ஆம், ஆவது: வரிசை எண்களின் தோற்றமும் வழக்கும்

எண்ணுப் பெயர்கள் இரு வகைப்படும். ஒன்று, இரண்டு, மூன்று என்பவை தொகையைச் சொல்கின்றன. முதலாம், இரண்டாம், மூன்றாம் என்பவை ஒரு வரிசையில் ஒன்றின் இடத்தைச் சொல்கின்றன. முன்னவை அடிப்படை எண்கள், பின்னவை வரிசை எண்கள். "மூன்று படகு" என்றால் எல்லாப் படகும் கணக்கில் வரும். "மூன்றாம் படகு" என்றால் ஒரே படகுதான். அதற்கு முன்னே இரண்டு நிற்கின்றன என்பது சொல்லாமலே விளங்கும். ஆகவே வரிசை எண்ணுக்கு எண் மட்டும் போதாது. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது, எந்தத் திசையில் எண்ணுவது என்ற இரண்டும் முன்கூட்டியே தீர்ந்திருக்க வேண்டும். இலங்கையின் மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரைகளிலும் வழங்கும் ஊர்ப்பெயர், கடற்பெயர், சமய வழக்கு, சட்டமொழி ஆகியவற்றில் இந்த இரு கேள்விகளும் பல வடிவங்களில் எழுகின்றன.

ஆங்கில வரிசை எண்கள்

ஆங்கிலத்தில் வரிசை எண்கள் மூன்று வழியில் வந்தவை. 'ஃபர்ஸ்ட்' என்பது 'ஒன்' என்ற எண்ணிலிருந்து பிறக்கவில்லை. 'முன்' என்று பொருள்படும் பழைய வேரின் மிகைநிலை வடிவம் அது. எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது என்பதே அதன் பொருள். 'செகண்ட்' ஆங்கிலச் சொல்லே அன்று. 'பின்தொடர்தல்' என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்த 'செகுந்துஸ்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் புகுந்தது. அதற்கு முன் ஆங்கிலேயர் இரண்டாவதைக் குறிக்க, 'மற்றது' என்று பொருள்படும் 'அதர்' என்ற சொல்லையே ஆண்டனர். 'தேர்ட்' முதல் மேலே உள்ளவை எண்ணிலிருந்தே பிறந்தவை. நான்கு முதல் பெரும்பாலானவற்றின் ஈற்றில் 'த்' என்ற ஒலி வருகிறது. இந்த விகுதி இந்தோ ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் பொதுச் சொத்து. ஆங்கில 'சிக்ஸ்த்', இலத்தீன் 'செக்ஸ்துஸ்', வடமொழி 'ஷஷ்ட' மூன்றும் ஒரே மூலத்தின் கிளைகள். ஐப்பசியில் முருகன் கோயில்களில் நோற்கப்படும் கந்த சஷ்டியின் 'சஷ்டி' இந்த 'ஷஷ்ட' என்பதன் பெண்பால் வடிவம்.

'செகண்ட்' என்பது நேர அளவாகவும் ஆனது. மணியை அறுபதாகப் பகுத்த முதல் சிறு பகுதி நிமிடம். அதை மீண்டும் அறுபதாகப் பகுத்தது இரண்டாம் சிறு பகுதி. அந்த 'இரண்டாம்' என்ற சொல்லே பெயராக நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் நொடி, விநாடி என்று எழுதப்படும் இடத்தில் இலங்கைப் பாடநூல்கள் 'செக்கன்' என்று எழுதுகின்றன. மன்னாரில் விஞ்ஞானப் பாடம் படிக்கும் மாணவர் நாள்தோறும் எழுதும் செக்கன், உருமாறிய ஓர் இலத்தீன் வரிசை எண்.

தமிழில் ஆதல்

தமிழ் வரிசை எண்ணுக்குத் தனி விகுதி கிடையாது. அது வினையால் ஆனது. 'ஆம்' என்பது ஆகும் என்ற பெயரெச்சத்தின் குறுக்கம். மூன்றாம் நாள் என்றால் மூன்று ஆகும் நாள். எண்ணிக்கொண்டு வரும்போது மூன்று என்ற தொகை எந்த நாளில் நிறைகிறதோ அந்த நாள். 'ஆவது' அதே வினையின் பெயர் வடிவம். தொல்காப்பியம் வேற்றுமைகளை எடுத்துரைக்கும் இடத்தில் இரண்டாகுவது, மூன்றாகுவது, நான்காகுவது என்று ஏழு வரை தொடுத்துச் செல்கிறது. ஆவது என்ற இன்றைய உருபின் முழு வடிவம் அங்கே அப்படியே கிடக்கிறது. வேற்றுமைகளை எண்வரிசையால் அழைக்கும் பழக்கம் இன்றும் பள்ளி இலக்கணத்தில் தொடர்கிறது. முதல் வேற்றுமையை எழுவாய் வேற்றுமை என்றும் எட்டாம் வேற்றுமையை விளி வேற்றுமை என்றும் பெயரிட்டும் அழைப்பர். இடையிலுள்ள ஆறும் பெரும்பாலும் எண்ணாலேயே அறியப்படுகின்றன.

கல்வெட்டுகளில் 'ஆவது' அரசாட்சி ஆண்டைக் குறிக்கும் நிலையான சொல். அரசன் பெயர், அடுத்து 'யாண்டு', அடுத்து எண், அடுத்து 'ஆவது' என்பது சோழர் கல்வெட்டுகளின் பொது அமைப்பு. பாண்டியர் இன்னும் சிக்கலான முறையைக் கையாண்டனர். இரண்டாவதின் எதிர் பதின்மூன்றாவது என்பது போல ஓர் ஆண்டெண்ணுக்கு எதிரே இன்னோர் ஆண்டெண்ணை வைத்தனர். இரண்டையும் கூட்டியே ஆட்சியாண்டைக் கணிக்க வேண்டும். ஒரு வரிசை முடிந்த இடத்தில் இன்னொரு வரிசையைத் தொடங்கும் உத்தி அது.

அண்டை மொழிகளிலும் இதே போக்கு உண்டு. மலையாளத்தில் ஒந்நாம், ரண்டாம் என்று 'ஆம்' அப்படியே வழங்குகிறது. சிங்களம் வேறு குடும்பத்து மொழி. ஆனால் அதன் வரிசை எண்ணும் ஆதல் பொருள் கொண்ட வினையால் அமைந்ததே. 'தெவன', 'துன்வன' என்பவற்றின் ஈற்றிலுள்ள 'வன' ஆகின்ற என்று பொருள்படும் எச்சம். சிங்களத்தின் முதலாம் எண்ணான 'பளமு' ஒன்றைக் குறிக்கும் 'எக' என்ற சொல்லிலிருந்து வரவில்லை; வடமொழிப் 'பிரதம' என்பதன் வழிவந்தது.

முதல், தலை, கடை

வரிசையின் தொடக்கத்துக்கு எண்ணைச் சாராத சொல்லை வைப்பது பல மொழிகளின் இயல்பு. தமிழில் அச்சொல் 'முதல்'. அடி, மூலம், தொடக்கம் என்பவை அதன் பழம்பொருள்கள்; மரத்தின் அடியும் முதல்தான். வாணிகத்தில் போடும் பணமும் முதல், அதைப் போட்டவர் முதலாளி. மன்னார்க் கடற்றொழிலில் படகும் வலையும் உடையவரைச் சம்மாட்டி என்பர். அவர் போடுவதும் முதலே. ஈழத்துப் பேச்சில் முதல் என்பதற்கு 'முன்பு' என்ற பொருளும் உண்டு. "மழை வர முதல் போட்டு வா", "அதுக்கு முதல் என்ன நடந்தது" என்பவை அன்றாடப் பேச்சு. ஆங்கில 'ஃபர்ஸ்ட்' முன்மையிலிருந்து பிறந்தது. இங்கே முதல் என்ற சொல் முன்மைப் பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

'முதல்' தானே வரிசைப் பொருள் தருவதால் அதற்கு ஆம், ஆவது கட்டாயம் இல்லை. முதல் நாள், முதலாம் நாள், முதலாவது நாள் மூன்றும் செல்லும். ஆறுமுக நாவலரின் பாலபாட வரிசையில் தொடக்க நூல் முதற் புத்தகம், அடுத்தது இரண்டாம் புத்தகம். 'ஒன்றாம்' என்ற வடிவமும் உண்டு. தமிழ்நாட்டில் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு என்றும் ரயிலில் முதல் வகுப்பு என்றும் பிரித்து வழங்குவதால் குழப்பம் தவிர்கிறது. இலங்கையில் பள்ளி வகுப்பைத் 'தரம் 1' என்று எழுதுவதால் அங்கே அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. கூட்டெண்களில் 'ஒன்று' திரும்பி வருகிறது; பதினோராம், இருபத்தோராம் என்றே சொல்ல வேண்டும், இருபத்து முதலாம் என்று யாரும் சொல்வதில்லை.

'தலை' இன்னொரு தொடக்கச் சொல். தலைச்சன் மூத்த பிள்ளை, கடைக்குட்டி இறுதிப் பிள்ளை. முஸ்லிம்கள் மாதத் தொடக்கத்தில் தேடுவது தலைப்பிறை. தீவின் மேற்கு நுனியான தலைமன்னாரின் பெயரிலும் இந்தச் சொல் இருக்கிறது. அங்கே அது வரிசையை அல்ல, முனையைக் குறிக்கிறது. இரண்டாவதற்கும் எண் சாராத சொல் ஒன்று உண்டு. மறுநாள், மறுமணம் என்பவற்றில் வரும் 'மறு' ஆங்கிலத்தின் பழைய 'அதர்' செய்த வேலையைச் செய்கிறது. எனினும் தமிழில் அது 'இரண்டாம்' என்பதை இடம்பெயர்க்கவில்லை.

வடமொழி வரிசை எண்கள்

தமிழ் தன் வரிசை எண்களோடு வடமொழியின் முழு வரிசை ஒன்றையும் எடுத்துக்கொண்டது. பிரதமை, துவிதியை, திருதியை, சதுர்த்தி, பஞ்சமி, சஷ்டி, சப்தமி, அட்டமி, நவமி, தசமி என்று செல்லும் திதிப் பெயர்கள் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று பொருள்படும் பெண்பால் எண்களே. பாலாவிக் கரையிலுள்ள திருக்கேதீச்சரத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடும் மகா சிவராத்திரி தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவது. சதுர்த்தசி என்றால் பதினான்காவது. இவை எண்கள் என்ற உணர்வு பேசுவோரிடம் பெரும்பாலும் இல்லை. "அட்டமி நவமியில் ஒன்றும் தொடங்காதே" என்பவர் எட்டையும் ஒன்பதையும் நினைத்துச் சொல்வதில்லை.

ஆட்சிமொழியிலும் இதன் தடம் உண்டு. பிரதமர் என்றால் முதலாமவர். தமிழ்நாட்டில் தலைமை நீதிபதி, தலைமைச் செயலாளர் என்று எழுதப்படுவோர் இலங்கையில் பிரதம நீதியரசர், பிரதம செயலாளர். 'முதலமைச்சர்' தமிழ்ச்சொல். 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த வடமாகாண சபைத் தேர்தலுக்குப் பின் பதவியேற்ற சி. வி. விக்னேஸ்வரனைக் குறிக்க "முதல் முதலமைச்சர்" என்று எழுத வேண்டியதாயிற்று. அத்தொடரில் ஒரே சொல் முன்னே வரிசையையும் பின்னே பதவியையும் குறிக்கிறது. 'முதலாவது முதலமைச்சர்' என்றால் தெளிவு கூடும்.

ஆமும் ஆவதும்

இரண்டு உருபும் பல இடங்களில் மாறி வரலாம். எல்லா இடத்திலும் அல்ல. 'ஆம்' பெயரோடு இறுகி அதன் பகுதியாகிவிடும். 'ஆவது' எண்ணிப் பார்த்த நிலையைக் காட்டும். மன்னார் மறைமாவட்டம் 1981இல் நிறுவப்பட்டது. அதன் முதலாவது ஆயர் தோமஸ் சவுந்தரநாயகம். இரண்டாவது ஆயர், 1992 முதல் 2016 வரை பணியாற்றிய இராயப்பு யோசேப்பு. இங்கே ஆவது பொருந்துகிறது. 'இரண்டாம் யோசேப்பு' என்றாலோ அது ஆளின் பெயராகிவிடும். அரசருக்கும் திருத்தந்தையருக்கும் 'ஆம்' வருவது இதனால்தான்: முதலாம் இராசராசன், இரண்டாம் யோவான் பவுல், பதினான்காம் லியோ. ஆங்கிலத்தில் இந்த எண் பெயருக்குப் பின் நிற்கும். தமிழில் முன் நிற்கும்.

தனித்து நிற்கும் ஆற்றல் ஆவதுக்கு உண்டு, ஆமுக்கு இல்லை. "இரண்டாவது எங்கே?" என்று கேட்கலாம். "இரண்டாம் எங்கே?" என்பது முடியாது, அதற்கு 'இரண்டாமது', 'இரண்டாமவர்' என்று ஈறு சேர்க்க வேண்டும். வாதத்தை அடுக்கும்போது முதலாவதாக, இரண்டாவதாக என்று ஆவதே வரும்.

இரண்டுக்கும் வேறு வேலையும் உண்டு. ஆவது குறைந்தபட்ச அளவைக் குறிக்கும்: "ஒரு படகாவது திரும்பி வந்ததா?" ஆம் கேள்விப்பட்டதைக் குறிக்கும்: "கரை சேர்ந்த படகு மூன்றாம்." எனவே "ஒன்றாவது கிடைத்ததா" என்ற வாக்கியம் வரிசையைப் பற்றியதா, குறைந்தபட்சத்தைப் பற்றியதா என்பது சூழலால்தான் தெளியும். முதலாவது என்ற வடிவம் நிலைத்திருப்பதற்கு இந்த மயக்கத்தைத் தவிர்க்கும் வசதி ஒரு துணை.

ஆங்கிலத்தால் ஒரே சொல்லில் கேட்க முடியாத கேள்வி ஒன்று தமிழில் மிக எளிது: எத்தனையாவது? "நீர் வீட்டில எத்தினையாவது பிள்ளை?", "இண்டைக்கு எத்தினையாம் திகதி?" என்பவை குழந்தையும் கேட்கும் கேள்விகள். ஆங்கிலத்தில் இதே கேள்வியைச் சுற்றி வளைத்தே கேட்க வேண்டும். சிங்களத்தில் 'கீவெனி' இதற்கு நேர்ச்சொல். மன்னார் மாவட்டத்தில் பேசப்படும் தமிழ், சிங்களம் இரண்டிலும் இந்த வினாச்சொல் உண்டு.

பின்னே வந்த எண்கள்

வரிசை எண்கள் பல, வரிசை உருவாகிய பிறகே சூட்டப்பட்டவை. 1544இல் மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவம் தழுவியோர் யாழ்ப்பாண அரசனின் ஆணையால் கொல்லப்பட்டனர். அந்த அரசனை வரலாற்று நூல்கள் முதலாம் சங்கிலி என்கின்றன. அவன் காலத்தில் அவன் முதலாமவன் அல்லன், வெறும் சங்கிலி. 1619இல் போர்த்துக்கேயரிடம் ஆட்சியை இழந்த இன்னொரு சங்கிலி வந்த பிறகே முன்னவனுக்கு எண் தேவைப்பட்டது. யாழ்ப்பாண அரசர் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற இரு அரியணைப் பெயர்களை மாறி மாறிச் சூடியதால், வரலாற்றாசிரியருக்கு எண்ணைவிட வேறு வழி இருக்கவில்லை.

2015 ஜனவரி 14ஆம் திகதி மடு மாதா திருத்தலத்துக்கு வந்த திருத்தந்தை பிரான்சிஸ், அப்பெயரைச் சூடிய முதல் திருத்தந்தை. ஆயினும் அவர் முதலாம் பிரான்சிஸ் என்று எழுதப்படுவதில்லை. இரண்டாம் பிரான்சிஸ் ஒருவர் வந்தால்தான் அந்த எண் அவரைச் சேரும். போர்களின் கதையும் இதுவே. 1914இல் தொடங்கிய போரை உலகம் நெடுங்காலம் பெரும் போர் என்றே அழைத்தது. 1939க்குப் பின்னரே அது முதலாம் உலகப் போராக நிலைபெற்றது. ஈழப்போர் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று பகுக்கப்பட்டதும் இடையிலே பேச்சுவார்த்தைகள் வந்து முறிந்த பின்னரே. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார் முஸ்லிம்களும் தீவை விட்டு நீங்கினர். அது நிகழ்ந்தது இரண்டாம் ஈழப்போர்க் காலம் என்பது இன்று பாடநூல் வழக்கு.

அரசியலமைப்புத் திருத்தங்கள் வரிசை எண்ணையே பெயராகக் கொண்டவை. மாகாண சபைகளை உருவாக்கிய 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழ் அரசியற் பேச்சில் வெறும் 'பதின்மூன்று' ஆகிவிட்டது. எண்ணைச் சொன்னாலே பொருள் தெரியும். இந்த எண்ணும் நிலையானதன்று. 2022இல் 22ஆவது திருத்தச் சட்டமூலம் என்று முன்வைக்கப்பட்டது அவ்வாண்டு ஒக்டோபரில் நிறைவேறியபோது 21ஆவது திருத்தமாயிற்று. சட்டமூலங்களின் வரிசை வேறு, நிறைவேறிய திருத்தங்களின் வரிசை வேறு.

சட்டங்களின் பெயரில் தமிழும் ஆங்கிலமும் விலகிச் செல்கின்றன. மாகாண சபைகள் சட்டத்தை ஆங்கிலம் 1987இன் இலக்கம் 42 என்று அடிப்படை எண்ணால் குறிக்கும். தமிழிலோ அது 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம். ஒரே பெயரில் இரண்டு வரிசை எண்கள். ஆண்டை எண்ணும்போதும் இலக்கத்தைச் சொல்லும்போதும் தமிழ் 'ஆம்' கேட்கிறது.

இடப்பெயர்கள்

நிலத்தையும் கடலையும் எண்ணி அழைக்கும் வழக்கம் இப்பகுதியில் வலுவானது. மன்னார் மாவட்டத்தின் வடகரையில், மாந்தை மேற்குப் பிரிவில் மூன்றாம்பிட்டி என்ற கடலோரக் கிராமம் உள்ளது. பிட்டி என்பது மேட்டு நிலம். இலங்கைத் தமிழில் மைலுக்கும் மைல் கல்லுக்கும் கட்டை என்று பெயர். அதனால் வடகிழக்கின் நெடுஞ்சாலைகளில் மூன்றாம் கட்டை, எட்டாம் கட்டை போன்ற இடப்பெயர்கள் எழுந்தன. சாலை தொடங்கிய ஊரே இங்கே எண்ணின் தொடக்கம். இலங்கை கிலோமீற்றருக்கு மாறிய பின்னும் கட்டைப் பெயர்கள் மறையவில்லை.

கடலில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இராமர் பாலம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நிற்கும் மணல் திட்டுகளை மீனவர் தீடை என்பர். இராமேசுவரம் பக்கத்தில் அரிச்சல்முனையிலிருந்து முதலாம் திட்டு, இரண்டாம் திட்டு என்று அவை எண்ணப்படுகின்றன. 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடியால் மன்னார்க் கரையிலிருந்து புறப்பட்டுச் சென்ற தமிழர்களில் முதலில் மீட்கப்பட்டவர்கள் நான்காம் மணல் திட்டில் தவித்தவர்கள். எண்ணத் தொடங்கும் கரையை மாற்றினால் வரிசை தலைகீழாகும். அரிச்சல்முனையிலிருந்து பார்ப்பவருக்கு முதலாம் திட்டு, தலைமன்னாரிலிருந்து பார்ப்பவருக்குக் கடைசித் திட்டு. செய்தியில் எண் மட்டும் இருந்து எந்தக் கரையிலிருந்து என்பது இல்லாவிட்டால் தேடிப்போகும் படகுக்கு அந்த எண் பயன்படாது.

எல்லா இடத்திலும் எண் வேண்டியதில்லை. மன்னார்க்கு வடக்கே கடலில் அருகருகே கிடக்கும் இரு தீவுகளுக்கு முதலாம் தீவு, இரண்டாம் தீவு என்ற பெயர் இல்லை. இணைந்த இரண்டு என்ற பொருளில் இரணைதீவு என்பதே பெயர்.

கட்டடங்களில் எண்ணும் தொடக்கம் நாட்டுக்கு நாடு மாறும். பிரித்தானிய வழக்கைப் பின்பற்றும் இலங்கையில் நிலமட்டம் தரைத்தளம், அதற்கு மேலுள்ளதே முதலாம் மாடி. அமெரிக்காவில் நிலமட்டமே முதலாம் தளம். கொழும்பில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் விசாரணைப் பகுதியைக் குறிக்கும் 'நாலாம் மாடி' என்ற தொடர், ஈழத்தமிழரிடையே மாடியின் எண்ணைத் தாண்டி அவ்விடத்தின் பெயராகவே நின்றுவிட்டது.

நாளும் ஆண்டும்

திகதிக்கு வரிசை எண்ணே வரும்: ஜூலை 2ஆம் திகதி மடுவின் ஆடித் திருவிழா, ஓகஸ்ட் 15ஆம் திகதி ஆவணித் திருவிழா. கிழமைக்கு எண் வருவதில்லை. 1560இல் மன்னாரில் கோட்டை கட்டி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழக்கும் வரை ஆண்ட போர்த்துக்கேயரின் மொழியில் திங்கள் முதல் வெள்ளி வரையான நாள்களுக்கு இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று ஆறாம் நாள் வரை வரிசை எண்களே பெயர்கள். அவர்களிடம் சமயத்தையும் பல பொருட்பெயர்களையும் பெற்ற கரையோரத் தமிழர், கிழமைகளுக்கு ஞாயிறு, திங்கள் என்ற கோள் பெயர்களையே வைத்துக்கொண்டனர்.

நூற்றாண்டுக் கணக்கு மாணவரை அடிக்கடி இடறவைக்கும். 1560 பதினாறாம் நூற்றாண்டு, 1658 பதினேழாம் நூற்றாண்டு. முதல் நூறு ஆண்டுகளே முதலாம் நூற்றாண்டாதலால், ஆண்டின் முன்னிலக்கங்களைவிட நூற்றாண்டின் எண் ஒன்று கூடுதலாக வரும்.

சமயச் சடங்குகளில் தொடக்க நாளையும் சேர்த்தே எண்ணுவது மரபு. வெள்ளியன்று சிலுவையில் இறந்தவர் ஞாயிறன்று உயிர்த்ததை மூன்றாம் நாள் என்று கிறிஸ்தவர் சொல்வது இக்கணக்கால்தான். வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று. இறந்த வீட்டின் எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் ஆகியவற்றையும் இறந்த நாளை ஒன்றாகக் கொண்டே எண்ணுவர். முஸ்லிம்களிடையே நாற்பதாம் நாள் முக்கியம் பெறும். நினைவஞ்சலி அறிவித்தலில் வரும் 'முதலாம் ஆண்டு நினைவு' இதற்கு மாறானது. ஓராண்டு நிறைந்த பின்னரே அது வரும். ஆம் என்ற உருபு நடந்துகொண்டிருப்பதையும் நிறைந்ததையும் ஒருசேரக் குறிப்பதால், எது என்பதை வழக்கமே முடிவு செய்கிறது.

வாழ்வின் முதன்முறை நிகழ்வுகளும் இந்த எண்ணைச் சூடுகின்றன. கத்தோலிக்கச் சிறுவர் பெறுவது முதல் நன்மை. மாதந்தோறும் வரும் முதல் வெள்ளி திருஇருதய ஆண்டவருக்கு உரியது. இந்துக் கோயில்களில் கொடியேற்றத்தோடு முதலாம் திருவிழா தொடங்கும்.

தரமும் வகுப்பும்

வரிசை எண் இடத்தை மட்டுமன்றி மதிப்பையும் குறிக்கும். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கி, சென்னையும் கொழும்பும் ரயிலாலும் கப்பலாலும் இணைந்தன. அந்தப் பயணமும் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டதே; எண் கூடக் கூட வசதி குறையும். போர்க்காலத்தில் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 மார்ச் 14ஆம் திகதி மீண்டும் ஓடத் தொடங்கியது. முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்ற பிரிவு இலங்கை ரயிலில் இன்றும் உண்டு. இந்த ஏறுமாறான மதிப்பே பொதுவழக்கில் இரண்டாந்தரம், மூன்றாந்தரம் என்பவற்றுக்கு இழிந்தது என்ற பொருளைத் தந்தது. ஈழத்துப் பேச்சில் 'தரம்' தடவையையும் குறிப்பதால், "இரண்டாந்தரம் சோதினை எடுத்தவன்" என்பதில் இழிவு எதுவும் இல்லை. பள்ளித் தவணைகளும் முதலாம், இரண்டாம், மூன்றாம் தவணை என்றே செல்கின்றன.

முத்து வணிகம் வேறொரு முறையைக் கையாண்டது. மன்னார் மாவட்டத்தின் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு முடிந்ததும் முத்துகள் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலிக்கப்பட்டன. எல்லாச் சல்லடைக்கும் அளவு ஒன்றே. துளைகளின் தொகைதான் வேறு. 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்று துளைகள் கூடக் கூட ஒவ்வொரு துளையும் சிறுக்கும். இருபது துளைச் சல்லடையில் தங்கும் முத்தே பெரிது. ஆகவே இங்கே தரத்தைக் காட்டியது வரிசை எண் அன்று, துளைத்தொகை. உருண்டை, ஒளி, நிறம் என்ற குணங்களுக்கோ எண்ணே இல்லை. தனித்தனிப் பெயர்கள் இருந்தன. குற்றமற்றது ஆணிமுத்து, பொடியாய் உதிர்வது தூள். முதற்றரம் என்று எண்ணால் சொல்ல வேண்டிய இடத்தில் ஆணி என்ற ஒற்றைச் சொல் நின்றது. 'ஆணிமுத்து' என்பது நல்லவற்றுள் நல்லதைக் குறிக்கும் உவமையாக இன்றும் தமிழில் வழங்குகிறது.

பின்னங்கள்

ஆங்கிலத்தில் வரிசை எண்ணே பின்னத்துக்கும் பெயர். 'தேர்ட்' என்றால் மூன்றாவதும் ஆம், மூன்றில் ஒரு பங்கும் ஆம். தமிழ் இரண்டையும் கலப்பதில்லை. அரை, கால், அரைக்கால், மா, காணி, முந்திரி என்று பின்னங்களுக்குத் தனிப் பெயர்கள் பழங்காலத்திலிருந்தே உண்டு; மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. அந்த வரிசையில் வராத பின்னங்களை 'மூன்றில் ஒன்று', 'பத்தில் ஒன்று' என்று இடவேற்றுமையால் சொல்ல வேண்டும்.

பிரித்தானியர் காலத்தில் மன்னார் முத்துக்குளிப்பின் பங்கு இதற்கு நல்ல சான்று. ஒவ்வொரு படகும் கொண்டுவந்த சிப்பிகள் கரையில் மூன்று குவியல்களாகப் பகுக்கப்பட்டன. இரண்டு அரசுக்கு, ஒன்று முத்துக்குளிப்பவருக்கு. 1905இல் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் இவ்வாறு பகுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்த வருமானம் சுமார் 25 இலட்சம் ரூபாய். முத்துக்குளிப்பவர் பெற்றது மூன்றில் ஒரு பங்கு. அதை 'மூன்றாம் பங்கு' என்று எழுதினால், வரிசையில் மூன்றாவதாக வந்த பங்கு என்று பொருள் மாறிவிடும். ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பவர் சறுக்கும் இடங்களில் இது ஒன்று.

சமய வரியிலும் இவ்வேறுபாடு தெரியும். விளைவில் பத்தில் ஒன்றைத் திருச்சபைக்குக் கொடுப்பதை ஆங்கிலம் பத்தாவது என்ற பழைய சொல்லால் குறிக்கிறது. சீர்திருத்தச் சபைத் தமிழர் அதைத் 'தசமபாகம்' என்கின்றனர். தசம என்பது வடமொழியில் பத்தாவது. பின்னத்தை வரிசை எண்ணால் சொல்லும் ஐரோப்பிய வழக்கு, வடமொழிச் சொல்லின் துணையோடு மட்டுமே தமிழில் இடம் பிடித்தது.

எழுதும் முறை

இலக்கங்களோடு உருபைச் சேர்க்கும் முறை இன்னும் ஒரு வழிப்படவில்லை. 5ஆம், 5-ஆம், 5 ஆம், 5ம் என்ற நான்கும் அச்சில் காணப்படுகின்றன. கடைசி வடிவத்தில் உருபின் உயிர் விடுபடுவதால் அதை 'ஐந்தும்' என்றும் படிக்க இடமுண்டு. "5ம் 6ம்" என்பது ஐந்தும் ஆறும் ஆகிவிடும். ஆகையால் 5ஆம், 5ஆவது என்று உருபை முழுமையாகச் சேர்த்து எழுதுவதே மயக்கமற்றது. எழுத்தால் எழுதும்போது குற்றியலுகரம் கெட்டு ஐந்தாம், ஆறாம், நூறாம் என்றும், மகர ஈறு உயிரேறி ஆயிரமாம் என்றும் வரும். பழைய அச்சுநூல்களில் அடுத்துவரும் வல்லெழுத்துக்கு ஏற்ப மூன்றாங் கட்டை, பத்தாந் திகதி, ஐந்தாஞ் சருக்கம் என்று மகரம் இனமெல்லெழுத்தாகத் திரியும். இக்கால எழுத்தில் அந்தத் திரிபு பெரும்பாலும் கைவிடப்பட்டது. பேச்சில் அது இன்றும் கேட்கிறது.

வரிசை எண் இல்லாமலே வரிசையைக் காட்டும் புதிய முறையும் வளர்கிறது. தரம் 5, பிரிவு 3, அறை 12 என்று பெயருக்குப் பின் அடிப்படை எண்ணை வைப்பது அது. ஒருகாலத்தில் ஐந்தாம் வகுப்பு என்றிருந்தது இலங்கைப் பாடசாலைகளில் தரம் 5 ஆகியிருக்கிறது. பட்டியல், படிவம், கணினித் திரை ஆகியவற்றுக்கு இது வசதி. தொடராகப் பேசும்போது மட்டும் ஆம் திரும்பி வருகிறது. படிவத்தில் தரம் 5 என்று நிரப்பிய பிள்ளையை வீட்டார் "ஐஞ்சாம் வகுப்பு" என்றே சொல்கின்றனர்.